ஆல்ட் 164

அத்தியாயம் 5

குற்றவாளியை முதலில் முடிவு செய்துவிட்டு, அப்புறம் துப்பறியும் ஏஜென்சிக்கு போன் பண்ணும் மனிதர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நமக்கு வேலை மிச்சம். சுப்பிரமணியம் அந்த ரகம்.

"நீங்க எதையும் கண்டுபிடிக்க வேண்டாம் மேடம்," என்றார் அவர், ஏசியை இன்னும் இரண்டு டிகிரி குறைத்தபடி. "நாங்களே கண்டுபிடிச்சாச்சு. நீங்க உறுதிப்படுத்தி ஒரு ரிப்போர்ட் மட்டும் குடுத்தா போதும். நாலு மணிக்கு எஸ்.ஐ. வர்றார்."

சகுந்தலா மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டே கால்.

"சந்தோஷம் சார்," என்றேன். "பரீட்சை எழுதறதுக்கு முன்னாடியே மார்க் போட்டுக் குடுத்துட்டீங்க. நாங்க பேப்பர்ல ரெண்டு கோடு இழுத்தா சரியாப் போச்சு."

மேடம் என் காலை மிதித்தார். வாரத்துக்கு மூன்று நாள் இது நடக்கும் என்பதால் நான் ஷூ போட்டுக்கொண்டுதான் வேலைக்கு வருகிறேன்.

நான் சபீனா. மேடத்தின் ஏஜென்சியில் மொத்த ஊழியர்களும் நான்தான். மேடம் இருபத்திரண்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம் விசாரணை பண்ணியவர். தானாகத் தீப்பிடித்த கடைகள், பூட்டு உடையாமல் திருட்டுப் போன நகைகள் என்று பார்த்துப் பார்த்து, யாராவது 'குட் மார்னிங்' சொன்னால்கூட ஜன்னல் பக்கம் திரும்பி சரிபார்க்கிற நிலைக்கு வந்துவிட்டவர்.

நாங்கள் உட்கார்ந்திருந்தது மாரெட்பள்ளியில், ஒரு பல் டாக்டர் கிளினிக்குக்கு மேல்மாடியில், டெக்கான் டங்ஸ் என்கிற, சுப்பிரமணியத்தின் மொழிபெயர்ப்புக் கம்பெனியில். கீழே பல்லைப் பிடுங்குவார்கள். மேலே மொழிபெயர்ப்பாளர்களின் உயிரை.

விஷயம் இதுதான். மல்லாபூரில் ஒரு மருந்து ஃபேக்டரி. இருமலுக்கு ஒரு புது சிரப் கண்டுபிடித்து பெரு நாட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். அதன் செய்முறை ஆவணங்களை ஸ்பானிஷில் மொழிபெயர்க்கும் பொறுப்பு டெக்கான் டங்ஸுக்கு. நேற்று மதியம் 1:32க்கு அந்த ஆவணம் முழுசாக, ஸ்பானிஷில் ஒரு அழகான கடிதத்தோடு, லீமாவில் இருக்கிற போட்டிக் கம்பெனிக்குப் போய்விட்டது. போனது எலிசபெத்தின் கம்ப்யூட்டரிலிருந்து. எலிசபெத் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர்.

"ஆபீஸ்ல ஸ்பானிஷ் தெரிஞ்சவங்க ரெண்டே பேர்," என்றார் சுப்பிரமணியம். "எலிசபெத், மோகன். மோகன் ஒரு மணியிலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும் என் எதிர்லதான் இருந்தான், ஃபேக்டரிக்காரங்களோட வீடியோ கால்ல. மிச்சம் யாரு? கணக்கு ஒண்ணாங்கிளாஸ் பாப்பாவுக்கே வரும்."

அவருக்குப் பக்கத்தில் நின்றிருந்த வேதா ஒரு தாளை நீட்டினாள். ஆபரேஷன்ஸ் மேனேஜர். நாற்பது வயது, இஸ்திரி மடிப்பு கலையாத காட்டன் புடவை, சோகத்தை அளவாகப் போட்டுக்கொண்ட முகம். "குற்றச்சாட்டு மெமோ மேடம். ரொம்ப வருத்தமா இருக்கு. நல்ல பொண்ணுன்னு நெனச்சோம்."

"உங்களுக்கு ஸ்பானிஷ் தெரியுமா?" என்று கேட்டார் மேடம்.

"எனக்கா? 'ஹோலா'வைத் தாண்டி ஒண்ணும் தெரியாது மேடம். தமிழே தகராறு."

மெமோ இங்கிலீஷில் ஒரு பக்கம். எலிசபெத் மதியம் ஒரு மணிக்கு 'சர்ச்சுக்குப் போனதாக' சொல்கிறாள், திரும்பி வந்து 'பதற்றத்தில்' தன் பாஸ்வேர்டையே மறந்துவிட்டாள், இத்யாதி. நான் எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு மேற்கோள் குறிக்குப் பின்னாலும் ஒரு இடைவெளி. குறி ஒரு பக்கம், வார்த்தை ஒரு பக்கம், சண்டை போட்டுக்கொண்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி.

மேடம் அதை இரண்டு தடவை படித்தார். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். "பொண்ணைப் பார்க்கலாமா?"

*

எலிசபெத்தை மீட்டிங் ரூமில் உட்கார வைத்திருந்தார்கள். மொபைலை வாங்கி வைத்துவிட்டார்கள். தண்ணீர் பாட்டில் ஒன்று கொடுத்திருந்தார்கள், மனிதாபிமானம். இருபத்தொன்பது வயது. அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர், வீடு லாலாகூடாவில். அழுது முடித்து, இப்போது கோபத்தில் இருந்தாள். எனக்கு அவளை உடனே பிடித்துப்போனது.

"நான் பண்ணல மேடம். காலையிலேர்ந்து இதைத்தான் சொல்லிட்டிருக்கேன். தமிழ்ல சொன்னேன், தெலுகுல சொன்னேன், இங்கிலீஷ்ல சொன்னேன்."

"ஸ்பானிஷ்ல சொல்லிடாதீங்க," என்றேன். "அதையும் ஆதாரமா எடுத்துக்குவாங்க."

முதல் முறையாக அவள் உதடு கொஞ்சம் அசைந்தது.

"நேத்து ஒரு மணிக்கு எங்கே இருந்தே?" என்றார் மேடம்.

"மாசத்தோட முதல் வெள்ளிக்கிழமை மேடம். பக்கத்துல மாதா கோயிலுக்குப் போனேன். மதியம் யாரும் இருக்க மாட்டாங்க."

"சாட்சி?"

"மாதாதான்."

"அவங்க கோர்ட்டுக்கு வர மாட்டாங்க," என்றேன். மேடத்தின் கால் மேஜைக்கு அடியில் என்னைத் தேடியது. நான் தயாராக நாற்காலியைத் தள்ளிப் போட்டிருந்தேன்.

"கம்ப்யூட்டரைப் பூட்டிட்டுப் போனியா?"

எலிசபெத் தலை குனிந்தாள். "இல்ல. பத்து நிமிஷத்துல அதுவே பூட்டிக்கும்னு விட்டுட்டுப் போவேன். எல்லாரும் அப்படித்தான் போவோம்."

"திரும்பி வந்ததும்?"

"ரெண்டு மணிக்கு வந்தேன். பாஸ்வேர்டு எடுக்கல. மூணு தடவை போட்டேன், லாக் ஆயிடுச்சு. முரளி அண்ணா வந்து வேற பாஸ்வேர்டு போட்டுக் குடுத்தார். உட்கார்ந்து அஞ்சு நிமிஷம்கூட ஆகல, வேதா மேடம் வந்து எழுந்திரின்னுட்டாங்க. நாலு வருஷமா அதே பாஸ்வேர்டு மேடம்! எனக்கு எப்படி மறக்கும்?"

அவள் மேடத்தின் பக்கம் திரும்பினாள். "போலீஸ் கேஸ்னு ஒரு தடவை பேர் வந்துட்டா, அப்பறம் யாரும் என் கையில ஒரு காகிதம்கூடக் குடுக்க மாட்டாங்க. இந்தத் தொழில்ல அடுத்தவங்க ரகசியத்தைப் படிக்கறதுதான் வேலை. நம்பலன்னா நான் காலி."

எனக்கும் சில சமயம் வாயை மூடத் தெரியும்.

*

எலிசபெத்தின் இடம் ஜன்னலோரம். நேற்று அவளை எழுப்பியதிலிருந்து யாரும் தொடவில்லை என்று சிஸ்டம்ஸ் பார்க்கும் முரளி சத்தியம் செய்தார். நாற்பது தாண்டிய, அவசரமே தெரியாத மனிதர். கட்டடம் இடிந்தாலும் ரீஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாம் என்பார்.

மேடத்துக்கு கம்ப்யூட்டரைப் பற்றித் தெரிந்தது, சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதோடு சரி. ஆனால் பொருட்களைப் பார்க்கத் தெரியும். குனிந்து கீபோர்டைப் பார்த்தார். வலது ஓரத்தில் தனியாக இருக்கும் எண் விசைகளைக் கூர்ந்து பார்த்தார்.

"சபீனா, இங்க பாரு. ஒண்ணு அழிஞ்சே போச்சு. ஆறு பாதி போச்சு. பூஜ்யம், ரெண்டு, மூணு எல்லாம் பளபளன்னு இருக்கு. அஞ்சும் ஒன்பதும் மட்டும் நேத்துக் கடையிலேர்ந்து வந்த மாதிரி தூசி படிஞ்சு இருக்கு. ஏன்?"

"அஞ்சுக்கும் ஒன்பதுக்கும் லீவு போல மேடம்."

எலிசபெத்தான் விளக்கினாள். இந்த ஊர் கீபோர்டில் ஸ்பானிஷ் எழுத்துக்குத் தனி விசை கிடையாது. தலையில் கொம்பு வைத்த á, é, தொப்பி போட்ட ñ இதெல்லாம் வேண்டுமென்றால் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டே எண் அடிக்க வேண்டும். 164 என்றால் ñ. 160 á. 130 é. 161, 162, 163 மற்ற மூன்று. தலைகீழ் கேள்விக்குறிக்கு 168, தலைகீழ் ஆச்சரியக்குறிக்கு 173.

"எல்லாம் மனப்பாடம் மேடம். அஞ்சும் ஒன்பதும் வர்ற எழுத்தும் இருக்கு. பெங்குவின்னு எழுதணும்னா ஒன்பது வரும். இருமல் மருந்துல பெங்குவின் எங்கே வரப்போவுது? கம்பெனியில லேப்டாப் குடுத்தப்பகூட வேணாம்னுட்டேன். அதுல இந்த எண் பலகை கிடையாதே."

"மோகனும் இப்படித்தானா?"

அடுத்த மேஜையிலிருந்து மோகன் தன் கீபோர்டைத் தூக்கிக் காட்டினான். ஒவ்வொரு விசையிலும் குட்டி ஸ்டிக்கர். "நான் முழு ஸ்பானிஷ் அமைப்பே வெச்சிருக்கேன் மேடம். எல்லுக்குப் பக்கத்துலயே ñ வந்துடும். எலிசபெத் பண்றது சர்க்கஸ்."

"உன்னுது பால்வாடி," என்றாள் எலிசபெத். "ஸ்டிக்கர் ஒட்டிப் படிக்கறது."

இருவரும் நாலு வருஷமாக இந்தச் சண்டையைப் போடுகிறார்கள் என்பது தெரிந்தது. நான் திரையின் வலது கீழ் மூலையைப் பார்த்தேன். எந்தக் கீபோர்டு அமைப்பு ஓடுகிறது என்று சின்னதாகக் காட்டும் இடம். யாருமே பார்க்காத இடம்.

"முரளி அண்ணா, இது என்ன? இண்டர்நேஷனல்னு காட்டுது?"

முரளி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். "ஹவ், ஆமா… இண்டர்நேஷனல்தான். நான் பாஸ்வேர்டு மட்டும்தான் மாத்தினேன். இதை நான் போடல. எலிசபெத்து, நீ கைக்கு, எதுக்கு இதைப் போட்டே?"

"நான் எதுக்கு அண்ணா போடப் போறேன்? எனக்கு அது வேணவே வேணாம்."

முரளி சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் தருகிறேன். ஸ்பானிஷ் அடிக்க மூன்றாவது வழி ஒன்று உண்டு. இண்டர்நேஷனல் அமைப்பு. அதில் மேற்கோள் குறியை, ஒற்றையோ இரட்டையோ, அழுத்தினால் உடனே திரையில் ஒன்றும் வராது. அடுத்த எழுத்துக்காகக் காத்திருக்கும். ஒற்றைக் குறிக்கு அடுத்து A அடித்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு Á ஆகிவிடும். இரட்டைக் குறி என்றால் எழுத்தின் தலையில் இரண்டு பொட்டு.

"உன் பழைய பாஸ்வேர்டு என்ன?" என்றார் மேடம் சட்டென்று.

"அதான் மாத்தியாச்சே, சொல்றேன். லாலாகூடா, அப்பறம் ஒத்தை மேற்கோள் குறி, அப்பறம்…" எலிசபெத்தின் கண் விரிந்தது. "அப்பறம் A."

புள்ளி புள்ளியாக மறைந்து விழும் பாஸ்வேர்டு. அவள் மூன்று தடவையும் சரியாகத்தான் அடித்திருக்கிறாள். கம்ப்யூட்டர்தான் குறியையும் A-வையும் ஒட்டித் தப்பாக எடுத்துக்கொண்டது. அவள் சர்ச்சில் முட்டி போட்டிருந்தபோது யாரோ இந்த நாற்காலியில் உட்கார்ந்து, தன் விரலுக்குப் பழகின அமைப்பைப் போட்டுக்கொண்டு கடிதம் அடித்துவிட்டு, பழையபடி மாற்றாமல் அவசரமாகத் திரையைப் பூட்டிவிட்டு ஓடியிருக்கிறார்கள்.

"எலிசபெத்தே போட்டிருந்தா, தன் பாஸ்வேர்டு ஏன் எடுக்கலன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்," என்றார் மேடம். "முரளியைக் கூப்பிட்டு ஊரைக் கூட்டியிருக்க மாட்டா."

"அப்போ மூணாவதா ஒரு ஸ்பானிஷ் ஆள் இந்த ஆபீஸ்ல இருக்காங்க," என்றேன். "ஆனா ஏன் மறைக்கணும்?"

மோகன் கசப்பாகச் சிரித்தான். "இந்த ஆபீஸ்ல ஒரு மொழி தெரியும்னு சொல்லிப் பாருங்க. ஞாயித்துக்கிழமையும் தலையில கட்டுவாங்க. விவரமானவங்க சொல்ல மாட்டாங்க."

மணி மூன்றே கால். மேடம் நிமிர்ந்தார். "எல்லாரையும் வரிசையா கூப்பிடு. ஒருத்தர் அடிக்கறதை இன்னொருத்தர் பார்க்கக் கூடாது. முரளி, அந்த அமைப்பைத் தொடாதீங்க."

*

"ரிப்போர்ட் தயார்," என்று மேடம் அறிவித்ததும் சுப்பிரமணியம் முகம் மலர்ந்தது. "ஒரே ஒரு சம்பிரதாயம் பாக்கி. ஒவ்வொருத்தரும் அந்த கம்ப்யூட்டர்ல ஒரு வரி இங்கிலீஷ்ல அடிக்கணும். 'எனக்கு எலிசபெத்தைத் தெரியும்'னு. பேரை மட்டும் இரட்டை மேற்கோள் குறிக்குள்ள போடுங்க."

"அது எதுக்கு மேடம்?"

"எங்க ஏஜென்சியில அதுதான் வழக்கம் சார்," என்றேன் நான். பொய் சொல்லும்போது வழக்கம் என்று சொல்லிவிட்டால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

முதலாளி முதலில். இரண்டு விரலால் கோழி கொத்துவது போல் அடித்தார். திரையில் E-யின் தலைமேல் இரண்டு பொட்டு வைத்து Ëlizabeth என்று வந்தது. மேற்கோள் குறியைக் காணோம். "என்ன கீபோர்டு இது! முரளி, எதுக்கு உனக்குச் சம்பளம் குடுக்கறேன்?" என்று கத்திவிட்டு எழுந்தார். நான் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு புதுப் பக்கம் திறந்தேன்.

அடுத்து மோகன். அவன் விரல் ஸ்பானிஷ் அமைப்பில் மேற்கோள் குறி இருக்கும் இடத்துக்குத் தானாகப் போனது. இங்கே அந்த இடத்தில் @ உட்கார்ந்திருக்கிறது. @Elizabeth@ என்று வந்தது. "ஐயோ," என்று அசடு வழிந்தான்.

எலிசபெத் அடித்தாள். அவளுக்கும் அதே இரண்டு பொட்டு. சொந்தப் பேரையே தப்பாக அடித்த எரிச்சலில் கீபோர்டை முறைத்தாள்.

கடைசியில் வேதா. புடவை முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அடித்தாள். குறி, எழுத்து, குறி, எல்லாம் அச்சடித்த மாதிரி. ஒரு பிசகு இல்லை. "போதுமா மேடம்?" என்று புன்னகைத்தாள்.

"போதும்," என்றார் மேடம். "நீங்கதான்."

"என்ன உளர்றீங்க?" என்றார் சுப்பிரமணியம். "தப்பில்லாம அடிச்சது அவ ஒருத்திதான்!"

"அதேதான் சார். கெட்டுப்போன தராசுல ஒருத்தர் மட்டும் சரியா நிறுத்துக் காட்டினா, அந்தத் தராசு அவருக்குப் பழக்கம்னு அர்த்தம்." மேடம் கீபோர்டைச் சுட்டினார். "இப்ப இதுல ஓடறது இண்டர்நேஷனல். குறி மட்டும் வேணும்னா, முரளி சொன்னபடி, குறியைத் தட்டினதும் இடைவெளிப் பட்டையை ஒரு தட்டு தட்டணும். அப்பதான் குறி வெளியில வரும். தெரியாதவங்களுக்கு எழுத்து கெட்டுப் போகும், உங்களுக்கு ஆன மாதிரி. பழகினவங்க யோசிக்கவே மாட்டாங்க. விரல் தானாத் தட்டும். வேதா குறிக்குக் குறி தட்டினாங்க. நான் திரையைப் பார்க்கல, அவங்க கட்டை விரலைத்தான் பார்த்துட்டிருந்தேன்."

கைப்பையிலிருந்து மெமோவை எடுத்து மேஜையில் வைத்தார். "சாதாரணக் கீபோர்டுல அதே பழக்கம் என்ன பண்ணும்? ஒவ்வொரு குறிக்குப் பின்னாலும் அனாவசியமா ஒரு இடைவெளி விழும். எண்ணிப் பாருங்க, பன்னிரண்டு. இதை அடிச்சது யாரு?"

சுப்பிரமணியம் எண்ணவில்லை. வேதாவைப் பார்த்தார்.

அதற்குள் முரளி தன் மேஜையிலிருந்து நிதானமாக ஒரு தகவலைக் கொண்டுவந்தார். வேதாவின் பழைய வேலை விண்ணப்பம். மூன்று வருஷம் ஒரு கால் சென்டரில் வாடிக்கையாளர் சேவை. எந்த நாட்டு வாடிக்கையாளர்கள் என்றும் அதிலேயே இருந்தது. ஸ்பானிஷ் பேசும் மெக்ஸிகோ. நாலு வருஷமாக அந்தக் காகிதம் கம்பெனி ஃபைலில்தான் தூங்கிக்கொண்டிருக்கிறது.

வேதாவின் புன்னகை மெதுவாக இறங்கியது. "அத்தான்…" என்றாள்.

அலுவலகம் முழுக்க 'சார்' என்று கூப்பிடுகிறவரை அத்தான் என்றாள். எனக்கும் மேடத்துக்கும்தான் அது செய்தி. சுப்பிரமணியத்தின் மனைவிக்குத் தங்கையாம்.

"அத்தான், லீமாக்காரங்க இங்க ஒரு பிராஞ்ச் போடறாங்க. என்னைப் பொறுப்புல வைக்கறேன்னாங்க. எத்தனை வருஷம் உங்களுக்குக் கீழயே இருக்கறது? அவளுக்கு என்ன, சின்ன வயசு. குடும்பம் குட்டி இல்ல. வேற வேலை கிடைக்காமலா போயிடும்?"

எலிசபெத் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு, அந்தக் கீபோர்டை எடுத்து வேறு விதமாகப் பயன்படுத்தியிருப்பேன்.

சுப்பிரமணியத்துக்கு ஏசி அறையிலும் வியர்த்தது. அப்புறம் அவர் முகத்தில் ஒரு பெரிய மனிதத்தனம் வந்து உட்கார்ந்தது. "சரி சரி. தப்பு நடந்துடுச்சு. எலிசபெத், நீ திங்கட்கிழமை வழக்கம்போல வந்துடும்மா. இது நம்ம குடும்ப விஷயம். வீட்டுக்குள்ளயே பேசி முடிச்சுக்கலாம். எஸ்.ஐ.கிட்ட ஏதோ புரியாம கூப்பிட்டுட்டோம்னு நான் சொல்லிடறேன்."

"காலையில இவங்க குடும்பத்துல இல்லையா சார்?" என்றேன். "சேர்த்துக்கிட்டது இப்பத்தானா?" இந்தத் தடவை மேடத்தின் கால் வரவே இல்லை.

சரியாக நாலு மணிக்கு எஸ்.ஐ. வந்தார். கிருஷ்ணா என்று சட்டையில் பெயர். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "யாருங்க அந்த எலிசபெத்?" என்று தெலுங்கில் கேட்டார்.

சுப்பிரமணியம் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினார். "ஏமீ லேது சார், ஒண்ணுமில்ல, சின்ன குழப்பம், காபி சாப்பிட்டுட்டுப் போலாம்…"

"நான்தான் சார்," என்றாள் எலிசபெத்.

முதலாளியைத் தாண்டி, எஸ்.ஐ. எதிரில் போய் நின்றாள்.

"என்னைக் கூட்டிட்டுப் போகத்தானே உங்களைக் கூப்பிட்டாங்க? வந்தது வீணாக வேணாம். நான் ஒரு புகார் குடுக்கணும். என் கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து திருடிட்டு, என்மேல பழி போட்டிருக்காங்க. சாட்சிக்கு இவங்க ரெண்டு பேர் இருக்காங்க."

"எலிசபெத்! யோசிச்சுப் பேசு," என்றார் சுப்பிரமணியம். "திங்கட்கிழமை வேலை…"

"காலையிலேர்ந்து அந்த ரூம்ல அதைத்தான் சார் யோசிச்சேன்."

எஸ்.ஐ. எல்லார் முகத்தையும் ஒரு சுற்று பார்த்தார். காபி வேண்டாம் என்றார். மோகன் தன் மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்து எலிசபெத் முன்னால் வைத்தான். அவள் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். நாலு வரி எழுதியதும் பேனா நின்றது.

நிமிர்ந்து வேதாவைப் பார்த்தாள். நாலு வருஷப் பழக்கத்தில் மரியாதை அப்போதும் வாயிலிருந்து போகவில்லை.

"மேடம், உங்க முழுப் பேரும் இனிஷியலோட சொல்லுங்க."